கல்சட்டிக்கு எந்தக் கொரியர்?

சிறு வியாபாரிகளுக்கு யோசனை சொல்லும் நம் சூரமங்கலம் அலுவலகத்தில் அடுத்த வாரம் முதல் சன்னலோர மேசை, என் இடத்துக்கு வரும் உங்கள் இருவருக்கும். நான் எழுந்துகொள்கிறேன். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் ஒரே கேள்விக்கு நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் உரிமை உண்டு. கேள்வி இதுதான்: "மேடம், ஆன்லைன்ல கடை ஆரம்பிச்சிருக்கோம். எந்தக் கொரியர் நல்ல கொரியர்?"

கட்டண விவரம், எடைக்கணக்கு, எந்தப் பின்கோடுக்கு எந்த நிறுவனம் போகும் என்பதையெல்லாம் மேசையிலுள்ள கணினி சொல்லிவிடும். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைக் கணினி சொல்லாது. அதை நான் சொல்கிறேன்.

எதையும் வரிசைப்படுத்தி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இதையும் வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதல் வகையினர், போனை எடுத்ததும் "சார், சொல்லுங்க சார்" என்று குழைந்தவனைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாம் வகையினர், அரைக் கிலோவுக்கு யார் குறைத்துச் சொல்கிறார் என்று பார்ப்பார்கள். அவர்கள் விற்பது அம்மிக்கல்லாக இருந்தாலும் அரைக் கிலோ கட்டணத்தைத்தான் கேட்பார்கள். மூன்றாம் வகையினருக்குச் செல்போன் திரையில் ஒரு குட்டி லாரி நகர வேண்டும். அது நகர்ந்தால் தங்கள் சரக்கும் நகர்கிறது என்று நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். நான்காம் வகை, சொந்தக்காரன். நாமக்கல் பக்கம் இந்த நான்காம் வகைக்குத் தனி மரியாதை. வீட்டுக்கு வீடு லாரி நிற்கும் ஊரில் வெளியாள் வண்டியில் சரக்கு ஏற்றுவது, மாமன் நடத்தும் ஓட்டலைத் தாண்டிப்போய்ப் பக்கத்துக் கடையில் சாப்பிடுவதற்குச் சமம். அடுத்த கல்யாணத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

தாம் அனுப்பும் பொருளைப் பார்த்துக் கொரியரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஐந்தாம் வகை. அந்த இடத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.

கொரியர்க்காரர்கள் மீதும் எனக்குப் பரிவு கிடையாது. கண்ணாடிக் கோப்பை படம் போட்ட சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒட்டிய பெட்டியை நம் ஊர்க் கிடங்குகளில் இரண்டு கையாலும் தூக்கி எறிவார்கள். ஒட்டாத பெட்டியை ஒரு கையால் எறிவார்கள். ஸ்டிக்கர் வாங்கித்தரும் மரியாதை அவ்வளவுதான்.

ஆக, இரு பக்கமும் இப்படி இருக்க, நடுவில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு கதையைச் சொல்கிறேன்.

மல்லிகா என்று ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். மல்லசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார். கூடவே அவருடைய கொழுந்தன் செந்தில். மல்லிகா விற்பது கல்சட்டி, அதாவது மாக்கல்லில் கடைந்த சட்டி. சும்மா வாங்கி விற்பதில்லை. புதுக் கல்சட்டியை அப்படியே அடுப்பில் வைத்தால் விரிசல் விடும். கஞ்சித் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி, பல நாள் பழக்கினால்தான் அது தீயைத் தாங்கும். பட்டணத்துக்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. எனவே மல்லிகாவே பழக்கி, கருகருவென்று ஆக்கி, அடுப்பில் ஏற்றத் தயாராக அனுப்புவார். நல்ல யோசனை. இந்த ஐந்தாறு ஆண்டுகளில் என் முன்னால் வந்து உட்கார்ந்த வியாபாரங்களில் நான் மனசார மதித்த சிலவற்றில் அது ஒன்று.

ஒரே ஒரு குறை. சட்டி போய்ச் சேரும்போது சட்டியாக இருப்பதில்லை.

"ஏனுங் மேடம், எந்தக் கொரியருங்க ஒடைக்காது?" என்றார் மல்லிகா.

"எல்லாமே உடைக்குமுங்க."

செந்தில் சிரித்தார். "இதச் சொல்றதுக்குத்தான் இங்க ஏசி போட்டு உக்காந்திருக்கீங்களா?"

அவர் பேச்சில் கொஞ்சம் குஷி இருந்தது. காரணம் பின்னால் தெரிந்தது. மல்லிகாவின் கணவர் லாரியில் வடக்கே போய்விட்டால் மாதக்கணக்கில் வரமாட்டார். வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. செந்தில் போர்வெல் வண்டிக்கு வேண்டிய குழாய்களை வாங்கி விற்பவர். அந்தக் குழாய்களைப் போட அவருக்கு ஷெட் வேண்டும். அதில் சட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார் அண்ணி. குடும்பத்தில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சென்னையில் புதிதாகத் திறக்கும் ஒரு ஓட்டல், குழம்பைக் கல்சட்டியிலேயே பரிமாறுவதற்காக நாற்பது சட்டி கேட்டிருந்தது. அது முழுசாகப் போய்ச் சேர்ந்தால் ஷெட் மல்லிகாவுக்கு. உடைந்து போனால் கடையை மூடிவிட்டு ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். ஓட்டல் திறப்பு வெள்ளிக்கிழமை. அவர்கள் என் முன்னால் உட்கார்ந்திருந்தது செவ்வாய்க்கிழமை காலை.

இதுவரை யார் யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல இங்கதானுங்க, ஜங்சனுக்குப் பக்கத்துல ஒரு பார்சல் ஆபீஸ். அந்தாளு மரியாதையே இல்லாம திருப்பி அனுப்பிட்டாரு. அப்பறம் இந்த ஆப்புல வருமே, பெரிய கம்பெனி, அதுல போட்டோம். ஒடைஞ்சுது. பொறவு எங்க மாமன் லாரி. அதுலயும் ஒடைஞ்சுது."

"மாமன் வண்டியில ஒடையலீங் அண்ணி. எறக்கறப்ப ஒடைஞ்சுது," என்றார் செந்தில்.

"அப்ப வண்டியில ஏறினவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்றியா? மாமனுக்கு மாலை போட்ரலாமா?"

உடைந்த சட்டிகளின் படங்களைக் காட்டினார். வாடிக்கையாளர்கள் அனுப்பியவை. துண்டுகளைத் தரையில் பரப்பி, பல கோணங்களில் எடுத்து, ஒருவர் அழுகிற முகம் கூடச் சேர்த்திருந்தார். பெட்டியின் படம் ஒன்றுகூட இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த பொருளை ஊரே படம் எடுக்கும். அது வந்த பெட்டியை ஒருவரும் எடுக்க மாட்டார்கள். உடைந்த சட்டி, சட்டி உடைந்துவிட்டது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது. ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கொரியர்கள் நல்லவையா கெட்டவையா என்று இந்தக் குடும்பம் தீர்ப்பு எழுதியிருந்தது.

"ஷெட்டைப் பார்க்கணும்," என்றேன்.

"கொரியர் பேரச் சொல்றதுக்கு ஷெட்ட எதுக்குங்க பாக்கோணும்?" என்றார் செந்தில்.

"நீங்க பொண்ணு வீட்டப் பார்க்காமலா மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்வீங்க?"

"நாங்கெல்லாம் மொதல்ல பொண்ணு வீட்டுல எத்தன வண்டி நிக்குதுன்னு பாப்போமுங்க," என்றார். நகைச்சுவைக்காகச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம்.

மதியம் மல்லசமுத்திரம் போனேன். ஷெட்டின் வாசலை அடைத்தாற்போல் குழாய்கள் அடுக்கியிருந்தன. தீர்ப்புக்கு முன்பே செந்தில் குடியேறத் தொடங்கியிருந்தார். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே மூன்று பெண்கள் உட்கார்ந்து சட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துடைக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சட்டியும் பழக்கி முடித்து, காய்ந்து, பெட்டிக்குப் போகத் தயாரான பிறகு, கடைசியாக ஒரு கை விளக்கெண்ணெய். உள்ளும் புறமும். தாராளமாக.

"இது எதுக்கு?"

"பொட்டியத் தொறந்ததும் மின்னோணுமுங்க அம்மிணி," என்றார் மல்லிகா. அலுவலகத்தில் மேடமாக இருந்தவள் ஷெட்டில் அம்மிணி ஆகிவிட்டேன். "இப்ப எல்லாரும் பொட்டியப் பிரிக்கறதையே வீடியோ எடுத்துப் போடறாங்களே. மொதல்ல வாங்குன ஒருத்தங்க போட்ட வீடியோவுல, 'பாருங்க, கண்ணாடி மாதிரி மின்னுது'ன்னாங்க. அதப் பாத்துத்தானுங்க அத்தன பேரு வாங்குனாங்க. இந்த ஓட்டல்காரரும் அதப் பாத்துத்தான் கேட்டாரு."

எண்ணெய் வழியும் சட்டியை ஒரு செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டினார்கள். சுவரோரம் ஒரு பெட்டி பிரிக்காமல் கிடந்தது. விலாசத்தில் ஆளில்லை என்று திரும்பி வந்ததாம். "பிரிச்சுப் பாக்க மனசு வரலீங்க," என்றார். நான் தூக்கினேன். அடிப்பக்கம் அட்டை ஊறி, பழைய பஜ்ஜி மடித்த காகிதம்போல் இருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. டேப்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கையோடு வந்துவிட்டது.

சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக் கிடங்கில், லாரிக்குள் அந்தப் பெட்டி இரண்டு நாள் வேகும்போது எண்ணெய் எங்கே போகும் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. சமையலறையில் எண்ணெய்க் கையால் காகிதத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் அந்தச் சட்டி சமையலறையை விட்டு வியாபாரத்துக்கு வந்துவிட்டதாம். வியாபாரம் என்றால் வீடியோ. வீடியோ என்றால் மினுக்கு.

"எண்ணெயைத் துடைக்கணும். தவிடு போட்டுத் தேய்ச்சு, ஒரு நாள் வெயில்ல வெச்சு, சுத்தமா எண்ணெய் போனப்புறம் பெட்டியில வைக்கலாம்," என்றேன்.

மல்லிகாவின் முகம் மாறியது. "தொடச்சா சாம்பல் பூத்த மாதிரி ஆயிருமுங்க. எவன் வாங்குவான்?"

"உடைஞ்சத எவன் வாங்குவான்?"

"அதுக்குத்தானுங்களே நல்ல கொரியரு கேட்டது!"

செந்தில் இடையில் புகுந்தார். "ஒரு நாள் காய வெச்சா நாளைக்குச் சாயங்காலந்தான் அனுப்ப முடியும். வியாழக்கெழம போயிச் சேரும். வெள்ளிக்கெழம கடை தொறப்பு. நடுவால ஒண்ணு ஒடைஞ்சாக்கூட மாத்திக் குடுக்க நேரமில்ல. மாமன் வண்டி இன்னைக்கு ராத்திரியே மெட்ராஸ் போகுது. ஏத்துனா நாளைக்கே போயிரும். நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் சொன்னது முழுக்கப் பொய்யல்ல. ஒரு நாள் கையிருப்பு என்பது நம் தொழிலில் பெரிய சொத்து. அதை வேண்டாம் என்று ஒதுக்குவது எனக்கும் எளிதாக இல்லை. ஆனால் ஊறிய பெட்டிக்கு அந்த ஒரு நாளால் என்ன லாபம்? ஒரு நாள் முன்னதாகவே உடைந்து சேரும். உடைந்த செய்தி ஒரு நாள் முன்னதாக வரும். மாற்றிக் கொடுக்கவும் இதே எண்ணெய்ச் சட்டிதானே போகும். அவசரம் என்று ஒருவர் சொல்லும்போது, அந்த அவசரம் சரக்குக்கா, சொல்பவருக்கா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஷெட் யாருக்கு என்பது செந்திலுக்கு மறுநாளே தெரிய வேண்டியிருந்தது.

வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணெய் போகத் தேய்த்த ஒரு சட்டியைக் காகிதத்தில் சுற்றி, புதுப் பெட்டியில் வைத்து, புது டேப் ஒட்டினேன். முந்தின நாள் அவர்கள் கட்டி வைத்திருந்த பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன்.

"போட்ராதீங்க அம்மிணி!"

"போடறதுக்கு நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க?" என்றார் செந்தில். "அதுக்குத்தான் கொரியர்க்காரன் இருக்கானே."

"இருக்கான். ஆனா அவன் போடறத நீங்க யாரும் கண்ணால பார்த்ததில்ல," என்று இரண்டையும் விட்டேன்.

எண்ணெய்ப் பெட்டியின் அடி வாய்பிளந்தது. சட்டி வெளியே வந்து, வாசலில் கிடந்த குழாயில் மோதி மூன்றாகப் பிளந்தது. மற்ற பெட்டியின் ஒரு மூலை நசுங்கியது. பிரித்துப் பார்த்தோம். சட்டி அப்படியே இருந்தது, மங்கலாக, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல்.

மல்லிகா துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, "எண்ணெயக் கொண்டுபோய் ஊட்டுக்குள்ள வெய்யுங்க. தவிட்டு மூட்டையக் கொண்டாங்க," என்றார்.

"மின்ன வேண்டாமுங்களாக்கா?" என்றாள் ஒருத்தி.

"மின்னுனது போதும், சாமி."

அடுத்து, கொரியர். கேள்வி அதுதானே. மல்லிகாவிடம், "மொதல்ல போன பார்சல் ஆபீஸ்காரர் ஏன் திருப்பி அனுப்பினார்?" என்று கேட்டேன்.

"அந்தாளா? பேச்சா அது? 'இந்தப் பொட்டிய நான் எடுக்க மாட்டேன். ஒழுகற சரக்க மத்தவன் துணி மேல எவன் வெப்பான், எடுத்துட்டுப் போம்மா'ன்னு எல்லார்த்துக்கும் முன்னால சத்தம் போட்டாருங்க. பெரிய கம்பெனிக்காரங்க எவ்வளவு மரியாதையா வாங்கிக்கிட்டாங்க தெரியுமா? ஊட்டுக்கே வந்து, சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போனாங்க."

சிரித்துக்கொண்டே எடுத்துப் போனவன் பெட்டியைப் பார்க்கவே இல்லை. மாமன் பார்த்திருக்கலாம், ஆனால் மருமகள் பெட்டியைக் குறை சொல்ல முடியுமா? ஜங்ஷன் பக்கத்து ஆள் ஒருவர்தான் பெட்டியைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, வருகிற வரும்படியையும் வேண்டாம் என்றிருக்கிறார். நல்ல மனிதர் என்று எண்ணிவிடாதீர்கள். எனக்கும் அவரைத் தெரியும். வாயைத் திறந்தால் வசவுதான். ஆனால் வேண்டாத சரக்கை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன்தான், ஏற்றுக்கொண்ட சரக்குக்குப் பதில் சொல்வான். நீங்கள் எந்த நிறுவனத்தைச் சோதிப்பதானாலும் நல்ல பெட்டியைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். மோசமான பெட்டி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். சிரித்துக்கொண்டே வாங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

"அவர்கிட்டயே போடுங்க," என்றேன்.

"அந்தாளுகிட்டயா? மறுபடியும் போயி நிக்கச் சொல்றீங்களா?" என்றார் மல்லிகா.

"மாமனுக்கு என்னங்க பதில் சொல்றது?" என்றார் செந்தில்.

"மாமன்கிட்ட, சரக்கு எண்ணெயில்லாம வறண்டுபோச்சு, உங்க வண்டிக்கு ஏத்ததில்லன்னு சொல்லுங்க."

புதன்கிழமை மாலை பெட்டிகளோடு நானும் போனேன். அந்த ஆள் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிக் குலுக்கினார், அடியைத் தடவிப் பார்த்தார், இரண்டு பெட்டிக்கு மறுபடி டேப் போடச் சொன்னார். "போன தடவ வந்த அம்மா தான? இப்பதான் அறிவு வந்துச்சாக்கும்," என்றார். மல்லிகா பல்லைக் கடித்துக்கொண்டு டேப் ஒட்டினார்.

வியாழக்கிழமை மதியம் மல்லிகா என்னை ஷெட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். ஓட்டலிலிருந்து வரப்போகும் போனைத் தனியாக எடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. செந்திலும் இருந்தார். வாசலில் குழாய்கள் முன்பைவிடக் கூடியிருந்தன. ஓட்டல் மேலாளர் கூப்பிட்டார். மல்லிகா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"மேடம், சரக்கு வந்துடுச்சு. ஒண்ணுகூட உடையல. ஆனா என்ன மேடம் இது, வீடியோல பார்த்த மாதிரியே இல்ல. மங்கலா இருக்கு. யூஸ் பண்ண பழைய சட்டியா?"

மல்லிகா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இது கொரியர் சம்பந்தப்பட்ட கேள்வியல்ல.

"மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லுங்க அண்ணி," என்று செந்தில் கிசுகிசுத்தார். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பழசு இல்லீங்க," என்றார் மல்லிகா. "எண்ணெயத் தடவி அனுப்புனா மின்னும். ஆனா உங்களுக்கு ஓட்டாஞ்சில்லுதான் வந்து சேரும். இப்ப அடுப்புல வெச்சு ஒரு கொழம்பு கொதிக்க வுடுங்க. விரிசல் வுட்டா எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க, நானே வாங்கிக்கிறேன். வுடலீன்னா, நாளைக்குப் பரிமாறறதுக்கு முன்னால நீங்களே ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவிக்குங்க. மின்னும்." போனை வைத்துவிட்டார்.

செந்தில் தொண்டையைக் கனைத்தார். "ஏனுங் மேடம், அப்ப இனிமே ஒவ்வொரு சட்டிக்குள்ளயும் ஒரு சின்னப் பாட்டல்ல எண்ணெய் ஊத்தி வெச்சு அனுப்பீரலாமுங்களா?"

துடைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூடத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்கள்.

ஓட்டல் திறந்தது. திங்கட்கிழமை மேலாளர் மறுபடி கூப்பிட்டார். விரிசலைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்னொரு கிளைக்கும் அதே அளவில் சட்டி வேண்டுமாம். அந்தச் சரக்கை ஏற்றும் நாளில் நான் மல்லசமுத்திரத்தில் இருந்தேன். பெட்டிகளை வெளியே எடுக்க வழியில்லை. குழாய்கள் வாசலை முழுக்க மறித்திருந்தன. செந்தில் எங்கிருந்தோ இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குழாய்களை வாசலிலிருந்து சுவரோரம் ஒதுக்கி, தன் வண்டியில் ஏற்றச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மல்லிகா பேசி வைத்திருந்த குட்டி யானை லோடு வண்டியும் வந்து நின்றது. சந்து குறுகலானது. ஒரு வண்டிதான் வாசல்வரை வர முடியும்.

டிரைவர் இருவரும் செந்திலைப் பார்த்தார்கள். வீட்டு ஆம்பளை அவர்தானே.

"உம் வண்டிய ரோட்டுக்கு எடுத்துக்க, செந்திலு," என்றார் மல்லிகா. "சட்டி மொதல்ல."

செந்தில் தன் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்.